பெட்டியைத் திற, படையை இறக்கு!

"இந்த வயசுல பொம்மை வெச்சு விளையாடுறியா?"

விழுப்புரமோ திண்டிவனமோ, மேசைமேல் பொம்மைப் படை நிறுத்தி ஆடும் மேசைப்போர் என்று வாய் திறக்கும் இளைஞனுக்கு வீட்டில் விழும் முதல் குண்டு இதுதான். தம்பி, தங்கையே, முகம் சுருங்காதே. எச். ஜி. வெல்ஸ் பெயர் கேட்டிருப்பாய். காலப் பயணத்தையும் செவ்வாய்க் கிரகப் படையெடுப்பையும் கதையாக்கிய மனிதர். பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி ஆடும் போருக்கு விதிகள் எழுதி, 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமே போட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது தாண்டியிருந்தது. அவருக்கு முன்பே, 1824இல், ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தும் போர் விளையாட்டைச் செம்மைப்படுத்தினார். பிரஷ்யப் படை அதைத் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டது. ஆடியவர்கள் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சிரித்தவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா?

உன் ஆசை சின்ன ஆசையும் இல்லை. 'வார்ஹாமர் 40,000' என்ற மேசைப்போர் ஆட்ட உலகத்தின் இராட்சத எந்திரங்கள் வேண்டும் உனக்கு. கதையில் அவை கட்டடங்களை மிதித்து நடக்கும் போர்க் கோபுரங்கள். மேசையில் 'இம்பீரியல் நைட்' ஏறக்குறைய ஒரு சாண் உயரம் நிற்கும். 'வார்லார்ட் டைட்டன்' என்ற பெரிய ரெசின் உருவமோ இரண்டடியை நெருங்கும். விலையைப் பார்த்ததும் நெஞ்சு அடைக்கிறதா? அடைக்கட்டும். அதற்காகக் கனவை மூட்டை கட்டாதே. இந்த எந்திரங்கள் பிறந்த கதையைக் கேள்.

1988இல் இங்கிலாந்து நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் 'அடெப்டஸ் டைட்டானிகஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. பெட்டிக்குள் இரு தரப்புக்கும் சேர்த்து ஆறு பிளாஸ்டிக் டைட்டன்கள். ஆறும் ஒரே உருவம்! இன்னொரு அச்சு வெட்டக் காசு கட்டுப்படியாகவில்லை. நமக்கும் அதே எந்திரம், எதிரிக்கும் அதே எந்திரம் என்றால் போருக்குக் காரணம் என்ன? முடங்கி உட்கார்ந்தார்களா? இல்லை. ஒரே பேரரசின் படை இரண்டாகப் பிளந்து தன்னையே தாக்குகிறது என்று உள்நாட்டுப் போரைக் கதையாக்கினார்கள். அந்த 'ஹோரஸ் ஹெரசி' பின்னாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நூல்களாக வளர்ந்தது. கையில் இருந்தது ஒற்றை அச்சு. அதிலிருந்து ஒரு பிரபஞ்சமே கிளம்பியது. இனி "என்னிடம் இல்லை" என்று சொல்லும்போது இந்த ஆறு டைட்டன்களையும் நினைத்துக்கொள்.

உன்னிடம் என்ன இருக்கிறது தெரியுமா? இளங்கோவடிகள் இருக்கிறார்! சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையைப் புரட்டு. மதுரை மதில் மேல் நிற்கும் பொறிகளை வரிசையாகச் சொல்கிறார். தானே வளைந்து எய்யும் வில், கருங்குரங்கு வடிவில் எதிரியைக் கடிக்கும் பொறி, கல் வீசும் கவண், மீன்கொத்தியைப் போல் பாய்ந்து கொத்தும் சிரல், பன்றி உருவப் பொறி, கொதிக்கும் எண்ணெய், உலோகத்தைக் காய்ச்சும் உலை. இதைவிடப் பெரிய எந்திரப் படை வேறு எது வேண்டும்? இங்கிலாந்திலிருந்து பெட்டி வரும்வரை சும்மா இருக்காதே. தெர்மாகோல், அட்டை, பிவிசி பைப் துண்டு, எம்-சீல், அக்ரிலிக் வண்ணம் எல்லாம் உன் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கும். அந்தப் பன்றிப் பொறியை உன் கையால் செய். அதற்கு நடக்கும் தூரம், அடிக்கும் வலு, தாங்கும் காயம் மூன்றையும் நீயே வகுத்து எழுது. வெல்ஸ் விதி எழுதலாம் என்றால் நீயும் எழுதலாம்!

ஒன்றை மட்டும் நெற்றியில் அடித்தாற்போல் சொல்கிறேன். உன் முதல் எதிரி பணம் இல்லை, பரிகாசம் இல்லை. வாங்கி, பிரிக்காமல், பரணில் அடுக்கிய பெட்டிகள்தான். இந்தக் கலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த நோய் இது. சேர்க்கும்போது படை பெருகுவதாகத் தோன்றும். பாகங்களைத் தாங்கிவரும் சட்டத்தில் ஒட்டிக்கிடக்கும் பிளாஸ்டிக் துண்டு ஒரு குண்டும் சுடாது. ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதே!

முடிப்பது எப்படி? இன்று சட்டத்திலிருந்து பாகங்களை வெட்டு. நாளை அச்சுக் கோட்டைச் சுரண்டு. மறுநாள் ஒட்டு. ஆயுதக் கைகளை ஒட்டிவிடாமல் தோளில் சின்னக் காந்தம் பதித்துவை. ஒரே உடல் பல ஆயுதங்களை மாற்றி ஏந்தும். வாங்க முடியாத மூன்று எந்திரங்களின் வேலையை ஒன்றே செய்யும். பிறகு பிரைமர் என்ற அடிப்பூச்சு. காற்றில் ஈரம் கனக்கும் மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் மேற்பரப்பு சொரசொரத்துப் போகும். காய்ந்த காலை வேளையாகப் பார்த்து அடி. கத்திரி வெயிலில் தட்டிலேயே வண்ணம் காய்கிறதா? டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் வண்ணம். நெடுநேரம் ஈரம் நிற்கும். தினம் அரை மணி நேரம் போதும். திறமை என்று ஊர் சொல்வது இந்த அரை மணிகள் சேர்ந்த கணக்குதான்.

முடித்தாயா? களத்தில் இறக்கு! தோற்றுப் போ! நைட் படையில் பெரும்பாலும் நாலைந்து பெரிய எந்திரங்கள்தான் முழுப்படை. எதிரில் நூறு காலாட்கள் நிற்கலாம். பெரிய பீரங்கி இருக்கிறது என்று நீ சுட்டுக்கொண்டே இருப்பாய். அவனோ மேசையில் குறித்த இடங்களில் ஆட்களை நிறுத்திப் புள்ளிகளை அள்ளிக்கொண்டு போவான். இராட்சதனும் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனே ஜெயிப்பான்.

நம்ப மாட்டாயா? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை பஸ் ஏறிச் செஞ்சியில் இறங்கு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளைப் பிணைத்து நீளும் மதில். ராஜகிரி உச்சியை நெருங்கும்போது பாறை பிளந்து கிடக்கும், குறுக்கே ஒரு சிறு பாலம். அந்தப் பாலத்தைச் சில பேர் காத்தால் பெரும்படையும் திணறும். 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படை 1698இல்தான் கோட்டையைப் பிடித்தது. 2025இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மராட்டியக் கோட்டைகள் 12இல் தமிழ்நாட்டுக்கு உரியது இது ஒன்றுதான். போர்க்களத்தின் நிலம் எப்படி இருக்க வேண்டும் என்று உலகமே வந்து பார்க்கும் பாடம் உன் மாவட்டத்தில் கிடக்கிறது. அந்த மூன்று குன்றுகளையும் தெர்மாகோலில் செதுக்கி உன் மேசையில் வை!

"ஆட ஆள் இல்லையே" என்கிறாயா? விழுப்புரம் சந்திப்பில் ஐந்து திசை ரயில் பாதைகள் கூடுகின்றன. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் வண்டி இருக்கிறது. தேடிப் போ. போக முடியவில்லையா? பக்கத்து வீட்டுப் பையனுக்குப் பகடையைக் கொடு, விதியைச் சொல்லிக் கொடு, உன் எந்திரங்களில் பாதியை அவன் பக்கம் நிறுத்து. 1988இல் அவர்கள் செய்ததும் இதைத்தானே? எதிரி கிடைக்காதவன் எதிரியை உருவாக்குவான். அவனே நாளை உன் தோழன்.

எழுந்திரு. பரணிலிருந்து ஒரே ஒரு பெட்டியை இறக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் ஆட்டம் குறி. வண்ணம் பாதியில் நின்றாலும் பரவாயில்லை, அன்று உன் முதல் எந்திரம் மேசையில் நின்றாக வேண்டும். நூறு எந்திரங்கள் வாங்கப் போகிறேன் என்பவனை ஊர் மறந்துவிடும். ஒன்றை முடித்து நிறுத்தியவனிடம்தான் கேட்கும்: "அடுத்தது எப்போ?" அந்தக் கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்!