ஆகுதி ஆனவரா, ஆக்கப்பட்டவரா?

நவி மும்பையின் கோபர்கைரனேயில் வாழும் தமிழருக்கு 'ஹுதாத்மா' பழகிய சொல். எல்லையில் இறக்கும் ஜவானையும் மராத்தியில் அப்படிச் சொல்கிறார்கள். நவி மும்பை நகரை அமைக்க அரசு நிறுவனமான சிட்கோ நிலம் எடுத்ததை எதிர்த்து தி. பா. பாட்டீல் தலைமையில் திரண்டு, 1984 ஜனவரி 16, 17 தேதிகளில் உரண் வட்டாரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட ஐந்து விவசாயிகளையும் அப்படியே சொல்கிறார்கள். தன்னையே வேள்வித் தீயில் இட்டவர் என்பது பொருள். நமக்கும் இது புதிதல்ல. தொல்காப்பியர் வாகைத் திணையில் வைத்த 'அவிப்பலி'யும் இதுதான். அவி, ஹுதம் இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஆனால் சுடப்பட்டு இறந்தவரை ஆகுதி என்று சொல்லலாமா? கூடாது என்பதே என் முடிவு.

யாகம் என்பது தேவதைக்காகத் தன் பொருளின் மீதுள்ள உரிமையை விடுவது என்கிறது மீமாம்சை. தன்னுடையதைத்தான் விட முடியும். அடுத்தவர் உயிரை யாரும் ஆகுதியாகத் தர முடியாது. வேள்வியில் விலங்கைப் பலியிட்டார்களே எனலாம். அங்கே விலங்கு வெறும் பலிப்பொருள், வேட்பவன் வேறு. அவிப்பலியிலோ வீரன் தன் உயிரைத் தானே வழங்குகிறான். அந்த விவசாயிகள் நிலம் கேட்டுப் போனார்கள், சாகப் போகவில்லை. அவர்கள் சாவை வேள்வியாக்கினால் சுட்டவர் யார், சுடச் சொன்னவர் யார் என்ற கேள்வி புகையோடு போய்விடுகிறது.

படையில் சேர்பவன் சாவுக்கும் இசைந்துதானே சேர்கிறான், அந்தச் சொல்லைப் பறித்தால் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும் என்பது கனமான மறுப்பு. ஆபத்துக்கு இசைவது வேறு, உயிரை வழங்குவது வேறு. தெரிந்தே உயிர் கொடுத்தவனுக்கு அந்தச் சொல் தகும். மற்றவர்களுக்கு மரியாதை குறைய வேண்டியதில்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தியை அது 'பட்டான்' என்று மட்டும் சொல்கிறது; கள்வரைக் கடித்த அவன் நாய் கோவிவனையும் பெயரோடு பொறித்திருக்கிறது. யார், எதைக் காத்து, எப்படி இறந்தான் என்ற விவரமே அங்கே வழிபாடு.

கோபர்கைரனேயின் பல கட்டடங்கள், நிலம் இழந்தோருக்கு, எடுத்த நிலத்தில் பன்னிரண்டரை சதவீதம் என்ற கணக்கில் அந்தப் போராட்டத்தால் கிடைத்த மனைகளில் நிற்கின்றன. அங்கே குடியிருக்கும் நாம் அந்த ஐவரின் பெயரையும், அவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.