விலாசம் மாறிவிட்டது

போன மாதம் ஒரு பெண்மணி போனில் பிடித்தார். கிராமத்துப் பள்ளி ஆசிரியராக இருந்த அவருடைய அப்பாவைப் பற்றி, ஒரு பத்திரிகையின் இணையதளத்தில் நான் எப்போதோ எழுதியிருந்தேன். அப்பாவின் நினைவுநாள் அட்டையில் அந்த இணைய முகவரியை அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார். “தட்டினா அப்பா வரலை சார். சினிமா நியூஸ் வருது.”

விஷயம் இதுதான். தளத்தைப் புதுப்பித்தபோது எல்லாக் கட்டுரைகளின் முகவரியும் மாறிவிட்டது. பழைய முகவரிகளை ஒட்டுமொத்தமாக முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வழி கேட்டவரை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுப் போகிற மாதிரி.

தளத்தைக் கவனிக்கும் தம்பியிடம் போனேன். “ஒரு வரி வேலை சார்” என்றார். அப்பாச்சி சர்வரில் அதற்கென்று ஒரு கோப்பு. அதில் ‘ரீடைரக்ட்’ என்று எழுதி, 301 போட்டு, பழைய முகவரி, புது முகவரி. அவ்வளவுதான். 301 என்றால் நிரந்தரமாகக் குடிபோயாச்சு. 302, தற்காலிகம். 404 நமக்கெல்லாம் பழக்கமான கைவிரிப்பு. 410 என்றும் ஒன்று உண்டு: போய்விட்டது, இனி தேடாதே. பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதைவிட அது யோக்கியம்.

301-ஐ விளையாட்டாகப் போடக் கூடாதாம். பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை பழைய இடத்தில் விசாரிக்காமலே புது இடத்துக்குப் போய்விடும். ஏறக்குறைய சத்தியம் மாதிரி. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, முகவரிகளை மாற்றாதீர்கள் என்று 1998-லேயே எழுதினார். யார் கேட்டார்கள்? 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024-ல் சொன்னது.

“படிச்சவங்க காசா குடுத்தாங்க?” என்றார் தளத்தின் முதலாளி. நியாயமான கேள்விதான். நான் பி.காம். கடன் என்றால் பேரேட்டில் யார் பெயரிலாவது இருக்க வேண்டும் என்று படித்தவன். இதில் பெயர் இல்லை, தொகை இல்லை. நம் முகவரியை எந்த ஊரில், எந்த நோட்டுப் புத்தகத்தில், யார் குறித்துவைத்திருக்கிறார் என்பதே தெரியாது. ஆனால் ‘இங்கே வந்தால் கிடைக்கும்’ என்று சொன்னது நாம்தானே? அதை நம்பித்தானே அந்த அம்மாள் அட்டை அடித்தார்? பேரேட்டில் ஏறாததால் அது பாக்கி இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

தம்பி அந்த ஒரு வரியைப் போட்டார். அப்பா வந்துவிட்டார். நான் கிளம்பும்போது, “மத்த நாலாயிரம் கட்டுரை சார்? அவங்க யாரும் போன் பண்ண மாட்டாங்களே” என்றார்.

பழைய முகவரிகள் வெறும் எண்கள், புதியவை தலைப்புகள். ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். முதலாளி தடுக்கவில்லை, சம்பளமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்கிறோம். நேற்று வரை 212 ஆச்சு. நடுவில் ஒரு வத்தக்குழம்பு செய்முறை வந்தது. “இதைப் போய் யார் சார் தேடப் போறாங்க?” என்று தம்பி சிரித்தார். சிரித்துக்கொண்டே அதற்கும் ஒரு வரி போட்டார்.