பேச்சுவழக்கும் பெருமிதமும்

பெருமிதம் என்னும் மெய்ப்பாடு கல்வி, தறுகண், புகழ், கொடை ஆகிய நான்கன்வழித் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. இந்நான்கும் மனிதன் தன் முயற்சியால் ஈட்டுவன. பிறந்த ஊரும், அவ்வூரார் அவன் நாவிற்குப் பழக்கிய ஒலிகளும் அவற்றுள் அடங்கா. ஆயினும், தாம் ஈட்டியவற்றைக் காட்டிலும் தமக்கு வாய்த்தவற்றைக் குறித்தே மனிதர் பலர் பெருமிதங் கொள்கின்றனர். இது நியாயந்தானா என்னும் வினாவை ஆராய்வதற்கு இங்கிலாந்தின் பிரதேசப் பேச்சுவழக்குகளைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது. நியூகாசில் நகரத்தாரின் ‘ஜோர்டி’, லிவர்பூலின் ‘ஸ்கவுஸ்’, பேர்மிங்ஹாமின் ‘பிரம்மி’, கிழக்கு இலண்டனின் ‘கொக்னி’ என அங்கு ஒவ்வொரு வழக்கிற்கும் ஒரு பெயருண்டு. பெயரோடு ஓர் ஏளனமும், ஏளனத்திற்கு விடையாக ஒரு பெருமிதமும் உண்டு.

ஏளனத்திலிருந்தே தொடங்குவது முறை. ஏனெனில் காலத்தால் முந்தியது அதுவே. ஆங்கில ஒலியியல் பயின்றோர் டானியல் ஜோன்ஸ் 1917 இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியை அறிவர். அதில் தாம் விளக்கிய உச்சரிப்பைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் விடுதிப் பாடசாலைகளின் உச்சரிப்பு என்றே அவர் முதலில் வழங்கினார். ‘ஏற்கப்பட்ட உச்சரிப்பு’ என்ற பெயரை அவர் 1926 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே கைக்கொண்டார். யாரால் ஏற்கப்பட்டது என்ற கேள்வியை இப்பெயர் நயமாக மறைத்துவிடுகிறது. அதனைப் பேசுவோர் நூற்றுக்கு மூவர் அளவினரே என்று 1970களில் பீற்றர் ட்ரட்கில் கணித்தார். எஞ்சிய தொண்ணூற்றெழுவரும் ‘வழக்குப்’ பேசுவோர் ஆயினர்.

1921 இல் வெளிவந்த நியூபோல்ட் குழுவின் கல்வி அறிக்கை, பிள்ளைகள் வீட்டிலும் தெருவிலும் பழகிக்கொண்ட தீய பேச்சுப் பழக்கங்களோடு போராட வேண்டியிருப்பதையே ஆசிரியர்களின் பெரிய இடர்ப்பாடாகக் கண்டது. தெருவை விட்டுவிடலாம்; ‘வீடு’ என்ற சொல்லைக் கடந்துபோக முடியவில்லை. ஒரு பிள்ளைக்குப் புதியதொரு பேச்சுமுறையைக் கற்பிப்பது ஒன்று. தன் தாயின் பேச்சை அயலானின் செவிகொண்டு கேட்கக் கற்பிப்பது வேறொன்று. முன்னது கல்வி. பின்னது கல்வியின் பெயரால் நிகழும் ஒரு தீங்கு. அத்தீங்கை இழைத்தோர் பெரும்பாலும் நல்ல நோக்கமுடையவர்களாகவே இருந்தனர் என்பதால் அது குறைந்துவிடுவதில்லை.

இவ்வேளனம் அறிவையும் எவ்வளவு தூரம் மயக்கவல்லது என்பதற்கு 1941 இல் நிகழ்ந்த ஒன்றைக் காட்டலாம். யோர்க்ஷயரின் ஹலிபக்ஸ் நகரிற் பிறந்த வில்பிரட் பிக்கிள்ஸ் என்பாரை பீ.பீ.சி. தேசியச் செய்தி வாசிப்பாளராக அமர்த்தியது. வடபுலத்து உச்சரிப்பிற் செய்தி கேட்ட நேயர் பலர் கண்டனம் எழுப்பினர். அக்குரலில் வரும் செய்தியை நம்ப முடியவில்லை என்றும் சிலர் முறையிட்டனர். போர்க்களத்தில் ஒன்று நடந்ததா இல்லையா என்பதை வாசிப்பவரின் உயிரொலி தீர்மானிப்பதில்லை என்பது சிறுவருக்கும் விளங்கும். கற்றோருக்கு விளங்கவில்லை.

மொழியியல் நோக்கில் இவ்வேளனத்திற்கு அடிப்படையே இல்லை. குளியலைக் குறிக்கும் ‘பாத்’ என்ற சொல்லின் உயிரைத் தென்னிங்கிலாந்தார் நீட்டுவர், வடபுலத்தார் குறுக்குவர். குறிலே பழையது; நெடில் பதினெட்டாம் நூற்றாண்டையொட்டித் தெற்கிற் பரவிய புதுமை. தென்மேற்கு உழவர், பண்ணையைக் குறிக்கும் சொல்லில் அழுத்தி ஒலிக்கும் ரகரம் ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டனிலும் ஒலித்ததே. கவிஞர் வேர்ட்ஸ்வேர்த்தின் பேச்சில் வடபுல ஒலிச்சாயல் இருந்ததை ஹாஸ்லிற் பதிவு செய்துள்ளார். அவருடைய கவிதைகளை ஒப்புவிக்கும் வடபுல மாணவனின் நாவைத் தெற்கு நோக்கித் திருப்பிய ஆசிரியர்களை எண்ணும்போது நகைப்பே உண்டாகின்றது.

ஆயினும் இந்த வாதத்தை ஓர் எல்லைக்கு மேல் கொண்டுசெல்வது ஆபத்தானது. பழைமையே மதிப்பின் அளவுகோல் என்று கொண்டால் லிவர்பூலாரின் நிலை என்னாவது? 1840களின் பஞ்சத்தால் அயர்லாந்திலிருந்து வந்து குவிந்தோரின் பேச்சும் லங்காஷயர்ப் பேச்சும் வேறு பலவும் துறைமுகத் தெருக்களிற் கலந்து உருவானதே அவர்கள் வழக்கு. ‘ஸ்கவுஸ்’ என்பதே கடலோடிகள் உண்ட இறைச்சிக் கூழொன்றின் பெயரிலிருந்து வந்ததாகும். அவ்வழக்கு இளையது; அதனால் இழிந்ததாகிவிடுமா? பெருமிதங் கொள்வோர் பழைமையைச் சான்றாகக் காட்டும்போது, தம்மை ஏளனஞ் செய்தோரின் துலாக்கோலையே தாமும் கையில் எடுக்கின்றனர்.

பெருமிதத்தினுள்ளும் பொய்ம்மை புகுதல் உண்டு. நோரிச் நகரில் ட்ரட்கில் நடத்தி 1974 இல் நூலாக்கிய ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. தாம் எவ்வாறு பேசுவதாகக் கருதுகின்றனர் என்று அந்நகரத்தாரிடம் வினாவி, விடையை ஒலிப்பதிவோடு அவர் ஒப்பிட்டார். பெண்கள் பலர் தாம் உண்மையிற் பேசுவதைவிடத் திருந்திய முறையிற் பேசுவதாகக் கூறினர். ஆடவர் பலரோ தாம் பேசுவதைவிடக் கொச்சையாகப் பேசுவதாகக் கூறிக்கொண்டனர்! மதிப்பு மறைமுகமாகவும் இயங்கும் என்று அவர் இதற்கு விளக்கங் கண்டார். கொச்சைப் பேச்சு உழைப்பாளியின் உரத்தையும் ஆண்மையையும் குறித்தமையால், இல்லாத கொச்சையும் அணியப்பட்டது. ஊர்ப்பற்று என்று நாம் கருதுவதிற் பாதி வேறு எதன்மீதோ கொண்ட பற்றாக இருக்கலாம்.

பிரதேச வழக்குகளை மக்கள் விரும்புவதில்லையா எனின், விரும்பத்தான் செய்கின்றனர், அவ்விருப்பமே ஐயத்திற்குரியது. மரண தண்டனைக்கு எதிரான ஒரே வாதத்தை வெவ்வேறு உச்சரிப்பிற் கேட்பித்து ஹவார்ட் கைல்ஸ் 1973 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏற்கப்பட்ட உச்சரிப்பிற் கேட்டபோது வாதம் தரமானதாகத் தோன்றியது. ஆனால் மனத்தை மாற்றும் ஆற்றல் பிரதேச உச்சரிப்பிற்கே மிகுந்திருந்தது. நேர்மையும் தோழமையும் பிரதேசத்தானுக்கு, அறிவு மற்றவனுக்கு. ‘நல்லவன், ஆனால் விவரமற்றவன்’ என்று ஒருவனைப் பாராட்டுவது பாராட்டாகாது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின் 2022 இல் வெளியான ஓர் ஆய்வும் உச்சரிப்புகளின் தரவரிசை பெரிதும் மாறவில்லை என்றே கண்டது. பிரித்தானியாவின் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் பாதுகாக்கும் இயல்புகளுள் உச்சரிப்பு இல்லை.

இலங்கை வாசகர் இதனைத் தொலைவில் நின்று நகைத்தல் கூடாது. ‘நொற் பொற் ஆங்கிலம்’ என்று ஓர் உயிரொலியைப் பிடித்துக்கொண்டு, கிராமத்துப் பாடசாலையிலிருந்து வந்தவனை எள்ளிய வகுப்பினர் இங்கும் உளர். அவர்கள் காவல்நின்ற ஒலியோ அவர்களது ஊருக்கே உரியதன்று.

இனி வினாவுக்கு வருவோம். ‘நான் வெட்கப்படவில்லை’ என்பதும் ‘நான் பெருமைப்படுகிறேன்’ என்பதும் ஒன்றல்ல. முன்னது எவருக்கும் உள்ள உரிமை. அதற்குக் காரணங் காட்ட வேண்டியதில்லை. பின்னது ஓர் உரிமைகோரல். அதற்குக் காரணங் கேட்கலாம். வெட்கம் புகட்டப்பட்ட மனம் சிறிதளவு பெருமிதமின்றி நிமிர்வதில்லை என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் அப்பெருமிதம், ஒக்ஸ்போர்டிலிருந்து பேச்சு மாறித் திரும்பிய ஊர்ப்பையனைத் துரோகி எனும்போது, நியூபோல்ட் குழுவினர் வீட்டுப் பேச்சிற்குச் செய்ததையே அவன் புதுப்பேச்சிற்குச் செய்கிறது.

இவ்விடத்து ஜோசப் றைற் நினைவுக்கு வருகிறார். 1855 இல் யோர்க்ஷயரிற் பிறந்து, ஏழு வயதளவிலேயே ஆலைவேலைக்குச் சென்று, பதினைந்து வயதுவரை எழுத்தறியாதிருந்தவர் அவர். பின்னர் 1885 இல் ஹைடல்பேர்க்கிற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1901 இல் ஒக்ஸ்போர்டின் ஒப்பியல் மொழிநூற் பேராசிரியரானார். ஊர்ப்பேச்சின் சாயல் அவர் நாவை விட்டு நீங்கவில்லை. ஒக்ஸ்போர்டைக் காணவந்த அவர் தாயார், ஓல் சோல்ஸ் கல்லூரியைப் பார்த்து, இது அருமையான சங்கக்கடையாகுமே என்று வியந்தாராம். றைற் தம் வழக்கைப் புகழ்ந்து முழங்கியவரல்லர். தாம் வளர்ந்த விண்ட்ஹில் கிராமத்துப் பேச்சிற்கு 1892 இல் ஓர் இலக்கணம் எழுதினார். 1898 முதல் 1905 வரை ஆறு பாகங்களில் ஆங்கிலக் கிளைமொழி அகராதியை வெளியிட்டார். ஆலைத் தொழிலாளியின் பேச்சும் விதிகளையுடையது என்று நிறுவினார். அதனை எழுதியதோ நியம ஆங்கிலத்தில். இரண்டிற்கும் இடையே அவர் முரண்பாடு எதனையும் காணவில்லை, நானும் காணவில்லை. தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் முதலாவதான கல்வியின்வழி, தமக்கு வாய்த்ததையே தாம் ஈட்டியதாக அவர் ஆக்கிக்கொண்டார்.

அந்த விண்ட்ஹில் இன்று பிரட்போர்ட் மாநகர எல்லைக்குள் இருக்கிறது. பாகிஸ்தானிலிருந்து ஆலைவேலைக்கு வந்தோரின் பேரப்பிள்ளைகள் பலர் அந்நகரில் வாழ்கின்றனர். யோர்க்ஷயரின் உயிரொலிகளும் பஞ்சாபிச் சாயலுடைய மெய்யொலிகளும் அவர்கள் ஆங்கிலத்திற் கலந்து ஒலிக்கின்றன. யோர்க்ஷயர்ப் பேச்சைக் குறித்துப் பெருமிதங் கொள்வோர் இப்பிள்ளைகளின் பேச்சையும் தமதென்று ஏற்பரா என்று கேட்டுப் பார்க்கலாம். ஏற்பராயின் அவர்கள் பேசுவது மொழியைப் பற்றி. மறுப்பராயின் அவர்கள் இதுவரை பேசிவந்தது வேறொன்றைப் பற்றி.