வாசற்படியின் நடுவிடம்

அழகு என்றால் சமநிலை என்று உறுதியாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஆங்கில மன்னர்களான ஜார்ஜ்களின் பெயரால் வழங்கும் கட்டடக் கலை அந்த நம்பிக்கையில் பிறந்தது. நடுவே கதவு, இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் சன்னல்கள். தராசின் இரு தட்டுகளைப்போல் வீடு நிற்கும்.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில், பொட்டோமாக் நதியருகே உள்ள கன்ஸ்டன் ஹால் அத்தகைய செங்கல் வீடு. 1755-இல் தொடங்கிய வேலை 1759-இல் நிறைவுற்றது. ஒரு செங்கல் நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றி அடுக்கிய சுவர். மூலைகளில் வெட்டிய கல். உள்ளே மரத்தில் அற்புதம் செய்தவர் வில்லியம் பக்லண்ட். 21 வயதில், நான்கு ஆண்டு உழைக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துக் கடல் கடந்து வந்த இளைஞர்.

வீட்டுக்கு உரியவர் ஜார்ஜ் மேசன். மனிதர் யாவரும் இயல்பிலேயே சம சுதந்திரம் உடையவர் என்று 1776-இல் விர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தில் எழுதியவர். 1787-இல் அரசியல் சட்ட மாநாட்டில் அடிமை வாணிபத்தைக் கண்டித்துப் பேசியவர். ஆனால் அவரே பல அடிமைகளின் எஜமானர்! 1792-இல் இறந்தபோதும் அவர்களை விடுவிக்கவில்லை.

அவருடைய மகன் பிற்காலத்தில் எழுதிய நினைவுக் குறிப்புகளில் இரண்டு செய்திகள் உண்டு. வீட்டின் முன்னே நான்கு வரிசையாகச் செர்ரி மரங்கள். வாசற்படியின் நடுவில் நின்று பார்த்தால் நான்கே மரங்கள்தாம் தெரியுமாம். சற்றே நகர்ந்தால் வரிசை முழுவதும் விரியுமாம். வந்தவர்களை அங்கே நிறுத்திக் காட்டி மகிழ்வாராம் மேசன். இன்னொன்று: வீட்டில் வேலை செய்த அடிமைக் குடும்பங்களின் மரக்குடிசைகள், கண்ணில் படாதபடி காட்டுக்குள் சற்றுத் தள்ளி இருந்தனவாம்.

மேசனைப் போலி என்று ஒரே சொல்லில் தள்ளிவிடலாம். அது எளிது, நமக்கு வசதியும்கூட. ஆனால் அவர் எழுதிய வாக்கியம் பொய்யன்று. எழுதியவர்தாம் அதன் உயரத்துக்கு எட்டவில்லை. தாம் வாழும் முறை தவறு என்று அறிந்திருந்தும், அதை விட்டால் எதை இழக்க நேரும் என்பதையும் அறிந்திருந்தார். அறியாமையைவிடக் கொடியது இந்த அறிவு.

அப்படியானால் அந்த வீட்டின் அழகு பொய்யா? இல்லை. செங்கல்லின் ஒழுங்கும் உண்மை. காட்டுக்குள் மறைந்த குடிசையும் உண்மை. ஒன்றைப் பார்க்கும்போது மற்றொன்று தெரியாத இடத்தில் நாம் நின்றுகொள்வதே தவறு.

நம் ஒவ்வொருவர் வாசற்படியிலும் அப்படி ஓர் இடம் உண்டு. நம் வீட்டுப் பாத்திரம் துலக்குகிறவள் எங்கே அமர்ந்து உண்கிறாள் என்பது அங்கிருந்து தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. இரண்டு அங்குலம் நகர்ந்தால் போதும். அந்த இரண்டு அங்குலந்தான் நமக்கு அவ்வளவு கடினமாக இருக்கிறது.