காலம் தவறிய வெயில்

ஐப்பசி என்றால் அடைமழை. அந்த ஐப்பசியில் நாலு நாள் சுள்ளென்று வெயில் அடித்தால் அதற்கு என்ன பெயர்? நம்மிடம் தனிப் பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. மேல்நாட்டார் வைத்திருக்கிறார்கள்: 'இந்தியன் சம்மர்'. நம் தேசத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது அமெரிக்காவில் பிறந்த சொல். 1778-லேயே எழுத்தில் வந்துவிட்டது. அந்த 'இந்தியன்' அங்குள்ள பழங்குடியினர் என்பார்கள்.

அமெரிக்கர்களில் கண்டிப்பானவர்கள் அதற்கு ஒரு நிபந்தனை போடுகிறார்கள். உறைபனி ஒரு தடவை விழுந்து, பிறகு வரும் இளவெயிலுக்குத்தான் அந்தப் பெயர். முன்னால் வந்தால் அது வெறும் வெயில். இந்த நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒன்று எவ்வளவு சுடுகிறது என்பதல்ல, எதற்குப் பின்னால் வருகிறது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது.

நம் ஊர்க் கதையும் அதுதான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது மேகத்தை விலக்கிக்கொண்டு சூரியன் எட்டிப் பார்த்தால் ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். மறு வருஷம், 2016-இல், வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அதே மாதங்கள், அதே சூரியன். அப்போது அவனைக் கும்பிட யாருக்கு மனம் வரும்?

சரி, முன்னால் நடந்ததைப் பார்த்தால் போதும், தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. வங்கக் கடலில் எழும் புயல் வடக்கே ஆந்திரம், ஒடிசா பக்கம் திரும்பினால் ஈரக் காற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. இங்கே வானம் வெளுக்கிறது. அப்படி ஒரு நாளில் திருநின்றவூர் ஏரிக்கரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டதைக் கேட்டேன். "ஏரி பாதிகூட ரொம்பல, அதுக்குள்ள வெயிலைப் பாரு" என்றார் சம்பா நட்டிருந்தவர். "இன்னும் நாலு நாள் தாங்கினா போதும்ணே, அகல் எல்லாம் பச்சையாவே கெடக்குது" என்றார் கார்த்திகைக்கு விளக்குச் செய்யும் குயவர். ஒரே வெயில், ஒருவருக்குக் காலம் தவறியது, மற்றவருக்குக் காலத்தில் வந்தது. இதில் யார் பக்கம் நியாயம்?

இருவர் பக்கமும் நியாயம் என்று நழுவிவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. இந்த ஊருக்குரிய நாயனார் ஒருவர் உண்டு, பூசலார். கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளைக் காஞ்சியில் பல்லவ மன்னனும் தன் கற்கோயிலுக்குக் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் வந்து, உன் நாளை மாற்றிக்கொள் என்றான் என்கிறது பெரியபுராணம். மன்னனின் கோயில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பூசலாரின் கோயில் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை.

வெயிலை அப்படித் தள்ளிப் போட நம்மால் முடியாது. ஏரி நிரம்பாத குறை ஊருக்கே தெரியும். அதைப் பேசப் பலர் உண்டு. பரணில் காயாமல் கிடக்கும் அகல் அதைச் செய்தவர் கண்ணுக்கு மட்டுமே தெரியும். மழை வர வேண்டும், சந்தேகமில்லை. ஆனாலும் இது காலம் தவறிய வெயில் என்று சொல்லுமுன், இது யாருக்கோ காலத்தில் வந்திருக்கிறதா என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுச் சொல்வது மனிதத்தனம் என்பது என் கட்சி.