மின்வேலிக்கு முன்னால் ஒரு வேலி

மின்வேலி என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது, காட்டுப்பன்றிக்குப் பயந்து வயலைச் சுற்றிக் கட்டிய கம்பியில் கொக்கி போட்டு ஏற்றிய திருட்டு மின்சாரம்தான். அது யானையையும் கொல்லும், ஆளையும் கொல்லும். அமெரிக்க நகரங்களில் லாரி நிறுத்துமிடங்களையும் கிடங்குகளையும் காக்கும் மின்வேலி வேறு வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணினால் அங்குள்ள சட்டத்தின் போக்கு விளங்காது.

கொக்கி மின்சாரம் இடைவிடாமல் பாய்வது. தசை இறுகிப்போய், பிடித்த கை கம்பியை விடாது. பாதுகாப்பு வேலியிலோ 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஒரு கருவி சில ஆயிரம் வோல்ட் துடிப்புகளை எழுப்புகிறது. ஐஇசி 60335-2-76 என்னும் பன்னாட்டுத் தரத்தின்படி, துடிப்பு நொடிக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூல் அளவைத் தாண்டக் கூடாது. மின்னழுத்தம் பெரிது, ஆற்றல் சிறிது. இரு துடிப்புகளுக்கு நடுவே கையை எடுத்துவிடலாம்.

கொல்லாத கருவி என்பதற்கு ஏன் இத்தனை அழுத்தம்? 1971இல் அயோவா மாநில உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஆளில்லாத பண்ணை வீட்டின் படுக்கையறையில், கதவைத் திறந்தால் சுடும்படி துப்பாக்கியைக் கட்டிவைத்திருந்தார்கள். பழைய பாட்டில்களைத் தேடிப் புகுந்தவரின் கால் சிதைந்தது. உரிமையாளர்கள் அவருக்கு 30,000 டாலர் தர வேண்டும் என்ற தீர்ப்பை நீதிமன்றம் உறுதிசெய்தது. சொத்தை மட்டும் காப்பதற்காக, உயிரைப் பறிக்கவோ கொடுங்காயம் உண்டாக்கவோ வல்ல பொறியை வைக்க எவருக்கும் உரிமை இல்லை. வந்தவர் திருடரே ஆனாலும்.

அடுத்த கேள்வி, கம்பியை யார் தொடக்கூடும் என்பது. 2015இல் கலிபோர்னியா இயற்றிய சட்டம், தன் முதல் வடிவில், இதற்கு இரண்டு ஏற்பாடுகளைச் செய்தது. முதலாவது எச்சரிக்கைப் பலகை: வாயில்தோறும், வேலி நெடுக 30 அடிக்குள் ஒன்று, இரு புறமும் படிக்கும்படி, மின்னதிர்ச்சி, இதயமுடுக்கி பொருத்தியவர்களுக்கு உள்ள ஆபத்து, ஈரத்தில் தொடும் ஆபத்து மூன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, 10 அடிக்கு மிகாத மின்வேலிக்கு வெளியே குறைந்தது 6 அடி உயரத்தில் மின்சாரமில்லாத ஒரு வேலி. என் கணிப்பில் உயிர்நாடி இதுதான். பந்தைத் துரத்தி ஓடிவரும் குழந்தை பலகையைப் படிக்காது. வெளிவேலி இருந்தால், அதை ஏறிக் குதித்தவருக்கே கம்பி எட்டும்.

இனி, அனுமதிப்பவர் யார்? அந்தச் சட்டம் நகராட்சிக்கு முதலிடம் தந்தது: உள்ளூர் விதி தடுத்தால் வேலி இல்லை. டெக்சஸ் எதிர்த்திசையில் சென்றது. மின்கலத்தில் இயங்கி எச்சரிக்கை மணியோடு இணைந்த வேலியை, குடியிருப்புக்கென்றே ஒதுக்காத இடங்களில், உள்ளாட்சி தடைசெய்ய முடியாது; மணிக்குரிய உரிமம் தவிர வேறு உரிமமும் கேட்க முடியாது. அங்கே வெளிவேலிக்கு 5 அடி போதும். பலகைகளின் இடைவெளி 60 அடி வரை போகலாம்.

துடிப்பின் அளவை மாநிலம் முழுவதற்கும் ஒரே தரமாக வைப்பது நியாயம். ஆனால் எந்தக் கிடங்கின் மதிலையொட்டிப் பள்ளிப் பேருந்து நிற்கிறது என்பது நகராட்சிக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரத்தை அதனிடமிருந்து டெக்சஸ் பறித்தது தவறு.