பிழை தெரிந்த பின்னும் நடக்கலாமா?

கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்பது தெரிகிறது. எந்தப் பக்கத்தில் என்பது தெரியவில்லை. கடைக் கதவைச் சாத்திவிட்டுப் பேரேட்டைப் புரட்டுவதா? அல்லது வாசலில் வந்து நிற்கும் வாடிக்கைக்காரரைக் கவனித்துக்கொண்டே, பிழையையும் உடன் இழுத்துக்கொண்டு போவதா? இக்கேள்விக்கு ஆளாகாத வியாபாரி நம்மில் இரார். நாணயமுள்ளவன் நிறுத்துவான் என்று சொல்லிவிடுவது எளிது. நிறுத்தினால் அன்று மாலை அடுப்பெரியாது என்ற நிலையில் இருப்பவனையும் அதே கோலால் அளக்கலாமா என்பதுதான் கடினம்.

இதனை ஆராயப் புகுந்த நமக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து வெளிச்சம் கிடைத்தது. நம் உடலிலுள்ள உயிரணுக்கள் இதே கேள்வியை நாள்தோறும் சந்திக்கின்றன.

உயிரணு ஒன்று இரண்டாகிப் பெருகுவது. பிரிவதற்கு முன்னர் அது தன் பேரேடு முழுவதையும் மறுபடி எழுதி, பிறக்கப்போகும் இரண்டுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தாக வேண்டும். டி.என்.ஏ. எனப்படும் அப்பேரேட்டில், மனித உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 600 கோடி எழுத்துகள். வேலை நான்கு கட்டமாக நடக்கிறது: வளர்ந்து தயாராதல், நகலெடுத்தல், பிரிவுக்கு ஆயத்தமாகி நகலைச் சரிபார்த்தல், பிரிதல். ஆய்வுக்கூடப் பாத்திரத்தில் வளரும் மனித உயிரணுவுக்கு இச்சுற்று சுமார் 24 மணி நேரம். ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்டுக்கு ஒன்றரை மணி நேரமே.

இவ்வேலையை முடுக்கிவிடும் பொருள்களில் ஒன்றை 1982ஆம் ஆண்டில் டிம் ஹன்ட் என்னும் ஆங்கிலேயர், முட்கள் நிறைந்த கடற்பிராணி ஒன்றின் முட்டைகளில் கண்டார். அது சேர்ந்துகொண்டே வந்து, ஒவ்வொரு பிரிவின்போதும் மறைந்து, மறுபடி சேர்கிறது. அத்துடன் கூடி வேலை செய்யும் மற்றொரு பொருளை ஆராய்ந்த பால் நர்ஸ், ஈஸ்டில் பழுதான அதன் மரபணுவுக்குப் பதிலாக மனிதனுடையதை வைத்தாலும் ஈஸ்ட் பிழைத்துக்கொள்கிறது என்று 1987இல் காட்டினார். ஈஸ்டுக்கும் மனிதனுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு!

ஆனால் நம் கேள்விக்கு வேண்டியது முடுக்கும் பொருளன்று, நிறுத்தும் பொருள். அமெரிக்காவில் லீலண்ட் ஹார்ட்வெல்லும் டெட் வைனர்ட்டும் 1988இல் வெளியிட்ட சோதனை ஒன்றை நாம் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. எக்ஸ் கதிர்கள் பாய்ந்தால் ஈஸ்டின் பேரேடு கிழிபடும். நல்ல ஈஸ்ட் உடனே பிரிவை நிறுத்தி, கிழிசலைத் தைத்துவிட்டே மேலே செல்லும். ஒரு குறிப்பிட்ட மரபணு கெட்டுப்போன ஈஸ்டோ நிற்காமல் பிரிந்து மடியும். அதற்குத் தைக்கத் தெரியவில்லை போலும் என்றுதானே எவரும் எண்ணுவர்? அவ்விருவரும் அதனை ஒரு மருந்தால் சில மணி நேரம் பிரியவிடாமல் பிடித்துவைத்தார்கள். அவற்றுள் பெரும்பகுதி பிழைத்துவிட்டது! தைக்கும் திறமை அதனிடம் முன்பே இருந்தது. இல்லாதிருந்தது காத்திருத்தல் ஒன்றே. ஹார்ட்வெல், ஹன்ட், நர்ஸ் மூவரும் 2001இல் நோபல் பரிசு பெற்றனர்.

நல்ல ஈஸ்டும் என்றென்றும் காத்திருப்பதில்லை. தைக்கவே முடியாத கிழிசலாக இருந்தால், எட்டுப் பத்து மணி நேரம் பார்த்துவிட்டு, கிழிந்த ஏட்டோடேயே பிரிந்துவிடுகிறது. இதை நாணயக்குறைவு என்போமா? ஈஸ்ட் தனி ஆள். நின்றுகொண்டே இருந்தால் சாவு நிச்சயம். நடந்தால் சந்ததியில் ஒன்றிரண்டாவது தப்பலாம். தப்பாவிட்டாலும் நஷ்டம் அதற்கு மட்டுமே.

நம் உடலின் உயிரணுவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே பி-53 என்ற காவலன் இருக்கிறான், 1979இல் அறியப்பட்டவன். கிழிசல் சிறிதெனில் நிறுத்தித் தைக்க நேரம் கொடுப்பான். பெரிதெனில், இனி ஒருபோதும் பிரியாதே என்பான். அல்லது அவ்வுயிரணுவை மடியச் செய்வான். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இக்காவலன் பழுதுபட்டிருக்கக் காண்கிறார்கள். கருப்பை வாயில் புற்று உண்டாக்கும் வைரஸ் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்றும் இவனை ஒழிப்பதே. ஈஸ்டுக்குத் துணிவாக இருந்த அதே செயல், உடலுக்குள் துரோகமாகிவிடுகிறது.

உயிரணு அப்படிச் செய்கிறது, ஆகவே மனிதனும் செய்க என்று நாம் சொல்ல வரவில்லை. உயிரணுவுக்கு மனச்சாட்சி இல்லை. அதைப் புகழ்வதும் இகழ்வதும் வீண். ஆயினும் நம் கேள்வியை அது இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது. தலைச்சுமையாகத் துணி விற்பவன், தன் முதலைத் தானே பணயம் வைத்துப் பிழையோடு ஒரு நாளை ஓட்டினால் அவனை நாம் கடிந்துகொள்ள மாட்டோம். நாலு பேர் முதல் போட்ட கூட்டுக் கடையில் ஒரு பங்காளி அதையே செய்தால், அவன் ஓட்டுவது பிறர் வீட்டு அடுப்பை. அவன் கையெழுத்து மற்ற மூவரையும் கடன்காரராக்கும். அவன் நின்றே ஆகவேண்டும்.

சரி, நின்றவனுக்குச் சோறு போடுவது யார்? இதைப் பலரும் கேட்பதில்லை; நமக்கோ இதுவே முக்கியமாகப் படுகிறது. ஈஸ்ட் துணிவதற்குக் காரணம், நிற்கும்போது அதைத் தாங்க எவருமில்லை என்பதே. உடலின் உயிரணு நின்றால், அது நிற்கும் நேரமெல்லாம் இரத்தம் உணவு கொண்டுவந்து கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. நிற்கும் கடமையைச் சுமத்துகிற கூட்டு, நிற்பதனால் வரும் நஷ்டத்தையும் பங்கிட்டுக்கொள்ளக் கடன்பட்டது என்பது நம் கருத்து.

நம் கடைகளில் நடப்பதோ வேறு. பெருநாளுக்கு முந்திய வாரம், கடை கொள்ளாத கூட்டம். கணக்கப்பிள்ளை முதலாளியிடம் வந்து, இருப்பும் பேரேடும் ஒத்துவரவில்லை, ஒரு மணி நேரம் கல்லாவை நிறுத்தினால் பார்த்துவிடலாம் என்கிறார். நிறுத்துகிறார்கள். பிழையும் அகப்படுகிறது. மாதக் கடைசியில், அந்த ஒரு மணி நேர வியாபாரம் போனதற்கு அவர் சம்பளத்திலே பிடித்தம். அடுத்த பெருநாளில் அவருக்கு இன்னொரு பிழை கண்ணில் பட்டால், அவர் ஈஸ்டைப் போலத்தான் நடந்துகொள்வார்.